நுகர்வோர் கையொப்பம்

எங்கள் ஊரில் ஏழு கோடியே பதினெட்டு லட்சம் கடன் வைத்திருந்த ஒரே ஆள் என் அப்பாதான். அவ்வளவு பெரிய தொகை தன் பெயரில் இருக்கிறது என்பது அவருக்கே பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரைக்கும், கடையில் ஒரு சோப்புக்கட்டிக்குப் பாக்கி இருந்தால்கூட அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற மனிதராகத்தான் இருந்தார்.

அப்பா நீர் வாரியத்தின் பம்ப் அறையில் மோட்டார்காரர். ஒரே அறை. இரண்டு மோட்டார். ஒன்று ஓடும், வந்த நாளிலிருந்தே ஓடாத இன்னொன்று அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிணற்றிலிருந்து மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். அங்கிருந்து பதினான்கு தெருக்களுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் போகும். மணிக்கு ஒருமுறை லாக் புத்தகத்தில் மின்னழுத்தம், தொட்டியின் மட்டம், குறிப்பு என்று மூன்று கட்டம் நிரப்ப வேண்டும். மற்ற ஷிப்டுக்காரர்கள் வாரத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து ஏழு நாளையும் மொத்தமாக எழுதிவிடுவார்கள். அப்பா அப்படியில்லை. கட்டம் ஒன்று காலியாக இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சொல்ல எதுவும் இல்லாத மணிகளிலும் 'குறிப்பு ஏதுமில்லை' என்று எழுதிக் கீழே கோடும் போடுவார்.

அந்த வருடம் அம்மாவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. பெரியாஸ்பத்திரியில் ஐந்து மாதம் காத்திருந்து தேதி வாங்கினோம். பன்னிரண்டாம் தேதி. "இப்பவே எடுத்துட்டா ஒண்ணும் பயமில்ல, தள்ளிப்போடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அந்தச் சீட்டைக் கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் செருகி வைத்திருந்தாள். தலை வாரும்போதெல்லாம் தன் முகத்தையும் தேதியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். அம்மாவுக்கு முடியாமல் போனதிலிருந்து சமையல் என் பொறுப்பு. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் நான்தான்.

மூன்றாம் தேதி மதியம் நான் தூக்குச்சட்டியோடு போனபோது மின்வாரிய லைன்மேன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பியூஸைப் பிடுங்கச் சொல்லிட்டாங்க."

"என்ன தம்பி விளையாடறே. ஊருக்குத் தண்ணி போயிட்டிருக்கு."

"ஊருக்குத் தண்ணி போகுதுண்ணே. எங்களுக்குப் பணம் வரலியே. பதினோரு வருஷமா உங்க வாரியம் ஒத்தைக் காசு கட்டலையாம்."

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"மோட்டாரை நிறுத்துங்க. ஓடறப்ப பிடுங்கினா பொறி அடிக்கும்."

அப்பா நிறுத்தினார். லைன்மேன் மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி, முட்டை வைப்பதுபோல ஒரு துணிப்பையில் வைத்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அப்பா கொடுத்தார். குடித்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்கண்ணே. 'நுகர்வோர்'னு இருக்கு பாருங்க, அதுக்குக் கீழ."

"நான் நுகர்வோர் இல்லையே தம்பி. நான் மோட்டார்."

"இந்த ரூம்ல இப்ப வேற யாரு இருக்கா?"

அப்பா சுற்றிலும் பார்த்தார். இரண்டு மோட்டார்கள் இருந்தன. நானும் இருந்தேன், எனக்குப் பதினாறு வயது. அப்பா கையெழுத்துப் போட்டார். போட்டதோடு நிற்காமல், காலியாகக் கிடந்த மற்றக் கட்டங்களையும் நிரப்பினார். தந்தை பெயர், வீட்டுக் கதவு எண், கல்வித் தகுதி.

அந்த மோட்டார் சத்தத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் உரக்கத்தான் பேசுவோம். அன்றைக்குச் சத்தம் நின்றதும் பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டை முழுவதும் தெருவுக்கே கேட்டது. கடைசியில் அவர்களே வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

மோட்டார் ஓடாவிட்டாலும் மோட்டார்காரர் வேலைக்கு வர வேண்டும் என்பது விதி. மணிக்கு ஒருமுறை அப்பா எழுதினார். மின்னழுத்தம்: பூஜ்ஜியம். மட்டம்: அதற்கு முந்தைய மணியைவிடக் கொஞ்சம் குறைவு. நான்காம் நாள் மட்டமும் பூஜ்ஜியமானது.

ஐந்தாம் நாள் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். பெரிய மனிதர்கள் முன்னால் அவருக்கு வாய் உலர்ந்துவிடும். பக்கத்தில் யாராவது வேண்டும். மின்வாரியமும் நீர் வாரியமும் ஒரே கட்டடம்தான். கீழே மின்வாரியம், மேலே நீர் வாரியம். பாக்கிக்காக மேல்மாடியின் மின்சாரத்தைக் கீழ்மாடி துண்டித்திருந்தது. மேல்மாடியும் சும்மா இருக்கவில்லை. மின்வாரியம் வைத்திருந்த தண்ணீர்ப் பாக்கிக்காகக் கீழ்மாடிக் குழாயை அடைத்திருந்தது. மேல்மாடி ஊழியர்கள் கீழே வந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்வார்கள். கீழ்மாடி ஊழியர்கள் மேலே போய்க் கழிப்பறையைப் பயன்படுத்துவார்கள். இதற்கென்று ஒரு கோப்பும் கிடையாது. அதனால் இது மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

நீர் வாரியத்தின் அதிகாரிக்கு 'பார்ப்போம் சார்' என்று பெயர். ஜன்னலோரம் உட்கார்ந்து கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சார், பன்னெண்டாம் தேதி என் சம்சாரத்துக்கு ஆபரேஷன்."

"எங்கே?"

"பெரியாஸ்பத்திரியில சார்."

"நம்ம தண்ணிதானே அங்கே." முகத்தில் பெருமை தெரிந்தது.

"ஆமா சார். அதுதான் வரல."

"பார்ப்போம். இதோ பாருய்யா, நாம வியாபாரமா பண்றோம்? மக்களுக்குத் தண்ணி கொடுக்கறோம். தண்ணி கொடுக்கறவன்கிட்ட வந்து கரண்டுக்குப் பணம் கேட்கறாங்களே, இவங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? நான் வந்த பிறகு பில்லைப் பிரிச்சுக்கூடப் பார்த்ததில்ல. அந்த அளவுக்குக் கொள்கையா இருக்கேன்."

கீழே மின்வாரிய அதிகாரி. அவருக்கு 'மேலிடத்து சார்' என்று பெயர்.

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா மேலிடத்துல கேட்கணும். எல்லாருக்கும் துண்டிச்சா அநியாயம்னு சொல்வாங்க, ஒருத்தருக்கும் துண்டிக்கலேன்னா கையாலாகாதவங்கன்னு சொல்வாங்க. அதனால மாவட்டத்துக்கு ஒரு பம்ப் அறைன்னு குலுக்கல்ல எடுத்தோம். உங்களுது வந்துச்சு. நான்தான் சீட்டு எடுத்தேன்."

கடைசி வாக்கியத்தை, பரிசு கொடுத்தவர் சொல்வதுபோலச் சொன்னார்.

பன்னிரண்டாம் தேதி காலையில் அம்மா வெறும் வயிற்றோடு, பச்சை அங்கி போட்டுக்கொண்டு, தியேட்டர் வாசலில் சக்கரக் கட்டிலில் படுத்திருந்தாள். வளையலைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டிருந்தாள். பதினோரு மணிக்கு நர்ஸ் வந்தார்.

"இன்னைக்கு இல்லம்மா. தியேட்டர்ல தண்ணி இல்ல. டாக்டருங்க கை கழுவணும், சாமான் கழுவணும். லாரித் தண்ணியை வார்டுக்குத்தான் விடலாம், தியேட்டருக்கு விடக்கூடாது."

"எப்பம்மா வரும்?" என்று அம்மா கேட்டாள்.

"யாருக்குத் தெரியும். மோட்டார் ரூம்ல எவனாவது தூங்கிட்டிருப்பான்."

அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். சுவரைப் பார்த்தார்.

"அவர் தூங்கறதில்லம்மா" என்றாள் அம்மா.

அடுத்த தேதி இரண்டரை மாதம் தள்ளி, ஒரு இருபத்தாறாம் தேதி கிடைத்தது. வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடியும் முதலிலிருந்து பெயர் எழுத வேண்டும், ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். அம்மா பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதிய சீட்டைக் கண்ணாடியில் செருகினாள்.

அந்த வாரக் கடைசியில் அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. 'அன்புள்ள நுகர்வோரே' என்று ஆரம்பித்தது. தாங்கள் வைத்துள்ள ஏழு கோடியே பதினெட்டு லட்சம் நிலுவை குறித்து விவாதிக்க, இரு வாரியங்களின் நாற்பத்து மூன்றாவது கூட்டுக் கூட்டத்துக்குத் தாங்கள் வர வேண்டும் என்று இருந்தது.

அப்பா மூன்று தடவை படித்தார். "ஏம்மா, என் பேருதானே இது?" என்று அம்மாவிடம் காட்டினார்.

"உங்க அப்பா பேருகூடச் சரியா இருக்கு" என்றாள் அம்மா. பிறகு, "என்னங்க, ஏழு கோடிக்கு நீங்க என்ன வாங்கினீங்க? எனக்கு ஒரு புடவைகூட வரலியே" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. அவள் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாதியில் வலி வந்து நிறுத்திக்கொண்டாள்.

கூட்டத்துக்கு வாடகை ஜெனரேட்டர் வந்திருந்தது. மேசையில் ஒவ்வொருவர் முன்னாலும் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் இருந்தது. அப்பாவுக்குத் தனி நாற்காலி. அதன் முன்னால் 'நுகர்வோர்' என்று அட்டை. அவர் வாழ்நாளில் உட்கார்ந்த நாற்காலிகளில் அதுதான் கைப்பிடி உள்ள முதல் நாற்காலி. நான் சுவரோரம் நின்றேன்.

"எங்கள் வாரியத்துக்குத் துண்டிப்பு நடந்ததாகவே தகவல் இல்லை" என்று ஆரம்பித்தார் பார்ப்போம் சார். "நோட்டீஸை வாங்கினது யாரு? கையெழுத்துப் போட்டது யாரு? வாரியமா? வாரியத்துக்குக் கைன்னு ஒண்ணு இருக்கா?"

"அப்போ கடன் இவருதுன்னு ஒத்துக்கறீங்களா?" என்றார் மேலிடத்து சார்.

"நாங்க எதையும் ஒத்துக்கறதில்ல. இவரே எழுதிக் கொடுத்திருக்காரு. கல்வித் தகுதி முதற்கொண்டு."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா எழுந்து நின்றார்.

"ஐயா, நான் மாசச் சம்பளக்காரன். அந்தக் கடனை ஆயுசு பூரா கட்டினாலும் தீராது. நான் வேற ஒண்ணு கேட்கத்தான் வந்தேன். இருபத்தாறாம் தேதி ஒரு நாளைக்கு மட்டும் பியூஸைக் கொடுங்க. சம்சாரத்துக்கு ஆபரேஷன். முடிஞ்சதும் நானே கழட்டிக் கொண்டுவந்து கொடுத்துடறேன்."

மேலிடத்து சார் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"நுகர்வோரின் கோரிக்கை நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் நண்பர்களே, நாம் உணர்ச்சிவசப்படக் கூடாது. இந்தக் கூட்டுக் குழு பதினோரு ஆண்டுகளாக இயங்குகிறது. இதற்கு ஒரு செயலாளர், இரண்டு உதவியாளர், ஒரு வண்டி இருக்கிறது. இன்றைக்கு அவசரப்பட்டு ஒரு முடிவு எடுத்துவிட்டால் நாளைக்கு இவர்கள் எல்லோரும் எங்கே போவார்கள்? அவர்களுக்கும் மனைவி இருக்கிறார்கள்."

கைதட்டினார்கள். செயலாளர் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். அப்பாவின் கோரிக்கையை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவின் முதல் கூட்டம் இருபத்தேழாம் தேதி என்று முடிவானது.

இரண்டரை மாதம் போனது. லாரி வரும் நாளில் நான் குடத்தோடு வரிசையில் நின்றேன். அம்மாவின் ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்துப்போயின. நான் ஊசி நூலால் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். தேதி நெருங்க நெருங்க அப்பா கண்ணாடிப் பக்கமே வராமல் கையால் தடவிப் பார்த்துச் சவரம் செய்யப் பழகினார். கன்னத்தில் இரண்டு வெட்டு.

இருபத்து நான்காம் தேதி லைன்மேன் பியூஸ் பெட்டிக்கு வைத்த சீல் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வந்தார். பார்த்தார். கிளம்பும்போது பையிலிருந்து கட்டைவிரல் நீளத்தில் தடித்த செம்புக் கம்பித் துண்டுகள் மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கொஞ்சம் மிச்சம் விழுந்துடுச்சுண்ணே. வண்டியில இடமில்ல. இங்கயே கிடக்கட்டும்."

அவருடைய வண்டியில் ஏணியே போகும். லைன்மேன் வாசல்வரை போய்த் திரும்பாமலே, "மெயினை இறக்கிட்டுத்தான் தொடணும். மறந்துடாதீங்க" என்று தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டு நான் எழுந்தேன். தெரு முழுக்க எழுந்தது. ஏழரைக்குக் குழாயில் முதலில் காற்று, பிறகு செம்மண் நிறத்தில் ஒரு இருமல், பிறகு தண்ணீர் வந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அப்பா வேர்த்துக் கொட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் லாக் புத்தகம் திறந்திருந்தது.

"அப்பா, இதை எழுதாதீங்க."

"மோட்டார் ஓடுதே பாப்பா."

"பூஜ்ஜியம்னு போட்டுடுங்க. யாருக்குத் தெரியும்?"

"ஓடற மோட்டாரைப் பார்த்துக்கிட்டே எப்படிப் பூஜ்ஜியம்னு எழுதறது?" என்றார். உண்மையிலேயே என்னிடம் வழி கேட்டார்.

அவர் எழுதினார். 'மின்னழுத்தம்: 410. மின்சாரம் பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி வழியாக, அனுமதியின்றி. காரணம்: மனைவிக்கு நாளை அறுவைச் சிகிச்சை.' கீழே கோடு போட்டார். பத்து மணி நேரம், பத்து வரி, ஒவ்வொன்றிலும் அதே காரணம். மாலை நான்கு மணிக்குத் தொட்டி நிறைந்தது. நிறுத்திவிட்டுக் கம்பிகளைக் கழற்றித் துடைத்துக் காகிதத்தில் சுற்றி வைத்தார்.

இருபத்தாறாம் தேதி அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். மூன்று மணி நேரம் ஆகும் என்றவர்கள் முக்கால் மணியில் வெளியே வந்தார்கள். டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, தியேட்டருக்கு வெளியே இருந்த தொட்டியில் கை கழுவிக்கொண்டே பேசினார்.

"திறந்து பார்த்தோம். எல்லாப் பக்கமும் பரவியிருக்கு. எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. மூடிட்டோம்."

அப்பா தலையாட்டினார்.

"முதல்ல கொடுத்த தேதியிலயே வந்திருக்கலாமே?"

"வந்தோம் சார்" என்றேன் நான்.

டாக்டர் குழாயைச் சரியாக மூடாமல் போய்விட்டார். நல்ல வேகத்தோடு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் மூடினார்.

அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை. நல்லபடியாக முடிந்தது, இனித் தேறிவிடுவாய் என்றோம். அவள் நம்பினாள். நர்ஸிடம், "நான்தான் சொன்னேனே, அவர் தூங்கறதில்லன்னு" என்றாள்.

தண்ணீர் வந்த அன்றே பார்ப்போம் சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் வீட்டுக் குழாயிலும் வந்திருந்தது. மறுநாள் லாக் புத்தகத்தை வரவழைத்தார். பதினோரு வருடமாக ஒரு தேநீருக்குக்கூட ஒத்துப்போகாத இரண்டு வாரியங்களும் இரண்டே நாளில் கூட்டு அறிக்கை விட்டன. மின்சாரத்தைத் திருடியது ஒரு குற்றம், அனுமதியின்றித் தண்ணீர் ஏற்றியது இன்னொரு குற்றம். 'இரு வாரியங்களும் கைகோத்துச் செயல்பட்டால் எதையும் சாதிக்கலாம் என்பதற்கு இதுவே சான்று' என்று அறிக்கை முடிந்தது. விசாரணையில் அப்பாவுக்கு எதிராக ஒரே சாட்சி அப்பாவின் கையெழுத்துதான். வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்த ஷிப்டில் உட்கார வேறு ஆள் கிடையாது. ஒரு வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். பத்து மணி நேர மின்சாரத்துக்கு ஆயிரத்து நூற்று நாற்பது கட்டச் சொன்னார்கள். கம்பியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அப்பா, "கீழே கிடந்துச்சு" என்றார். விசாரணையில் அவர் சொன்ன ஒரே பொய் அது.

பணம் கட்ட நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாள் எங்கள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய பேரேட்டைத் தூசி தட்டி எடுத்தார். வரவுப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"கையெழுத்துப்படி நுகர்வோர் நீங்கதான். அதனால பம்ப் அறைக் கணக்குலதான் வரவு வைக்கணும்" என்று எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு எழுந்து பின்னாலிருந்த அலமாரியைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே மூன்று பியூஸ் கட்டைகள்.

"என்னம்மா இது?" என்றார் அப்பா.

"உங்களுதுதான். எடுத்துட்டுப் போங்க."

"இன்னும் ஏழு கோடி இருக்கேம்மா."

"அது இருக்கட்டும். கணக்குல ஏதாவது ஒரு வரவு விழுந்தா, கணக்கு உயிரோட இருக்குன்னு அர்த்தம். உயிரோட இருக்கற கணக்குக்குத் துண்டிப்பு கிடையாது. அன்னைக்கே பியூஸைத் திருப்பிக் கொடுத்துடணும்."

அப்பா கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு விழுந்தாலுமா?"

"தொகை எதுவும் விதியில இல்லீங்க. நூறு கட்டினாலும் கொடுத்திருப்பேன்."

"இது மேல இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

அந்த அம்மாள் யோசித்தார். கெட்டவர் இல்லை, நன்றாகத்தான் யோசித்தார். "தெரியாதுன்னுதான் நினைக்கறேன். பணம் கட்டறதைப் பத்தி யாரும் இங்க வந்து கேட்டதே இல்லையே. எல்லாரும் கூட்டத்துக்குத்தான் வருவாங்க."

திரும்பும் வழியில் அப்பா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். சாலையைக் கடக்கும்போது நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பம்ப் அறைக்குப் போய் மூன்று கட்டைகளையும் பொருத்தினார். மோட்டார் ஓடியது. எழுதினார். வீட்டுக்கு வந்தோம்.

அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மோட்டார் சத்தத்துக்கு மேலாகப் பேச வேண்டியிருந்ததால் குரலை உயர்த்தினாள். அதற்கே மூச்சு வாங்கியது.

"என்னங்க, எவ்வளவு வாங்கினாங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"அவ்வளவுதானா?" அம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது. "நான் கோடி கோடின்னு பயந்துபோய்க் கிடந்தேன். இந்தப் பணத்தை என்கிட்டக் கேட்டிருந்தா அன்னைக்கே எடுத்துக் கொடுத்திருப்பேனே. அரிசி டப்பாவுல ரெண்டாயிரம் சேர்த்து வெச்சிருந்தேன்."

அப்பா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். அம்மா அவர் தலையில் கை வைத்து, "விடுங்க, கட்டியாச்சுல்ல" என்றாள்.